இரண்டு கிலோவுக்குள் ஒரு கிரகம்

செய்தி திங்கட்கிழமை காலையில் வந்தது. எங்கள் டயாலிசிஸ் ஷிஃப்டில் இருக்கும் நாலு பேருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில், அமீன் பாயின் எண்ணிலிருந்து, வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: "அமீன் மவுத். அஸருக்குப் பிறகு நல்லடக்கம்." ஒரு நிமிடம் கழித்துச் செல்வம் அண்ணன் பதில் போட்டிருந்தார்: "பாய் வெளையாடாதீங்க."

அம்மாவிடம் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படித்துப் பார்த்து, "எந்த பாய்?" என்றாள். இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பற்றி நான் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவருடைய நாற்பதாம் நாளுக்கு இந்தச் சிறு மலரைக் கொண்டுவருகிறவர்கள் அவரோடு கப்பலில் வேலை பார்த்த நண்பர்கள். எஞ்சின் அறை அமீனைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்ற அமீனைப் பற்றி அவருடைய தெருக்காரர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த அமீன் பாய், ஒரு கையில் இரண்டு ஊசிகளோடு படுத்துக்கொண்டு, மறு கையால் காற்றில் படம் வரைந்து, எங்களை வேறொரு கிரகத்தில் கொண்டுபோய் இறக்கியவர். அங்கே நாங்கள் பிழைத்திருக்கப் பட்ட பாட்டை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் எதனால் இறந்தார் என்பதும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நோய் அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியேற வழி கிடையாது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்றால், டீ, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர். மீறினால் அது காலில் தேங்கும், முகத்தில் தேங்கும், பிறகு நுரையீரலுக்குப் போகும். உபரி நீர் எதுவும் இல்லாதபோது நம் உடம்பு என்ன எடை இருக்குமோ, அதை 'ட்ரை வெயிட்' என்று டாக்டர் குறித்து வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைந்ததும் தராசில் ஏற வேண்டும். ட்ரை வெயிட்டுக்கு மேல் இரண்டு கிலோவுக்குள் இருந்தால் நல்ல பிள்ளை. அதற்கு மேல் என்றால் டெக்னீஷியன் பிரியா ஒன்றும் சொல்ல மாட்டாள், பார்ப்பாள்.

நான் அங்கே போன முதல் நாள் தடித்த புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"எத்தன பக்கம்மா?"

"அறுநூறு."

"பரவால்ல, நம்ம கூட ரொம்ப நாள் இருக்கிறதா முடிவு பண்ணித்தான் வந்திருக்கீங்க."

நான் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். அவரும் அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு என்னிடம் பேசவில்லை. பேச விரும்பாதவர்களைப் பேச வைப்பது அவருடைய பழக்கமாக இருந்ததில்லை. அவரிடம் எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

கதை தொடங்கியது ஒரு மின்வெட்டில். மழைக்காலக் காலை. விளக்குகள் அணைந்தன, நாலு இயந்திரங்களும் ஒரே சமயத்தில் கூவின. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. இரத்தம் குழாயில் நின்றால் உறைந்துவிடும் என்பதால் பம்பைக் கையால் சுழற்ற வேண்டும். இருந்தது பிரியாவும் ஒரு நர்ஸும் மட்டும். திருவேட்டக்குடியிலிருந்து வரும் செல்வம் அண்ணனுக்கு அது மூன்றாவது டயாலிசிஸ். கட்டுமரத்திலும் விசைப்படகிலும் புயலைப் பார்த்த மனிதர், தன் இரத்தம் குழாயில் நிற்பதைப் பார்த்து ஊசியைப் பிடுங்கப் போனார்.

"அந்தத் தம்பியப் பாருங்க சிஸ்டர், என்னுத நானே சுத்திக்கிறேன்," என்று அமீன் பாய் எட்டி, தன் பம்பின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றத் தொடங்கினார். சுழற்றிக்கொண்டே, அறை முழுக்கக் கேட்கும்படி, கப்பலில் பேசிப் பழகிய குரலில் சொன்னார்: "ஒண்ணுமில்ல தம்பி. நம்ம விண்கலம் தரையிறங்குது. எறங்கும்போது அப்படித்தான் லைட்டு போவும்."

"எங்க எறங்குது?" என்று கேட்டது கோட்டுச்சேரி மரகதம் அக்கா. அங்கே இட்லிக்கடை வைத்திருப்பவர்.

"பேரு வைக்காத கிரகம் அக்கா. நாலு பேருதான் உசுரோட இருக்கோம். கலம் ஒடஞ்சு போச்சு. வெளியில மழை பெய்யுது. ஆனா அதுல ஒரு சொட்டு வாயில பட்டாலும் ஆளு காலி."

"நல்ல ஊருக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

ஜெனரேட்டர் வந்தபோது செல்வம் அண்ணன் ஊசியிலிருந்து கையை எடுத்திருந்தார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். அடுத்த வியாழக்கிழமையும் அதையேதான் கேட்டார்.

அப்படித்தான் அது வளர்ந்தது. கிரகத்தில் கடல்கள் இருந்தன, ஆறுகள் இருந்தன, தினமும் மழை இருந்தது, எல்லாம் விஷம். எங்களிடம் இருந்தது உடைந்த கலத்தின் தொட்டியில் மிஞ்சிய நல்ல தண்ணீர். நானூறு கிலோமீட்டர் தள்ளி, யாரோ முன்பு விட்டுப்போன இன்னொரு கலம், புறப்படத் தயாராக நிற்கிறது. அதுவரை நடக்க வேண்டும். காற்றும் இயந்திரமும் அமீன் பாயின் பொறுப்பு. திசை செல்வம் அண்ணனுடையது. சாப்பாடு மரகதம் அக்காவுக்கு. எனக்குப் பயணக் குறிப்பேடு. "நீங்க பேச வேணாம்மா, எழுதுனா போதும்," என்றார். மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன்.

நடப்பதற்கு ஒரு விதி இருந்தது. நாலு பேரும் தராசில் இரண்டு கிலோவுக்குள் வந்தால் அன்று ஐந்து கிலோமீட்டர் நடக்கலாம். ஒருவர் மீறினாலும் அன்று கூடாரத்தைவிட்டு வெளியே வர முடியாது. அதனால்தான் வாட்ஸ்அப் குழுவில் ஏறிய எடையை வெறும் எண்களாகப் போட்டுக்கொள்வோம்: ஒன்று எட்டு என்றால் 1.8 கிலோ, ஒன்று ஆறு என்றால் 1.6.

முதல் ஆட்சேபணை செல்வம் அண்ணனுடையது. "விண்வெளிக்காரங்க மூத்திரத்தையே சுத்தம் பண்ணிக் குடிப்பாங்களாமே பாய்? நாம நாலு பேருல யாருக்குமே அது போவாதே. எதச் சுத்தம் பண்ணுவீங்க?" பிரியா சிரித்ததில் அவள் கையிலிருந்த பேண்டேஜ் உருண்டு ஓடியது. மரகதம் அக்கா அங்கேயும் கடை போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். "மாவரைக்கத் தண்ணி வேணுமே அக்கா," என்றார் பாய். "வாங்கித் திங்க ஆளும் வேணும்." "ஆளா இல்ல? மூணு பேரு இருக்கீங்க. கடன் மட்டும் கெடையாது."

ரமலானில் ஒருநாள் அக்கா அவரிடம் கேட்டார், இந்த உடம்போடு நோன்பு வைக்க முடியவில்லையே என்று வருத்தம் இல்லையா என்று. "எனக்கு வருசம் முழுக்க நோன்புதானக்கா. நோன்பத் தொறக்கப் பாங்கு சொல்றதுக்குத்தான் ஆளக் காணோம்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் கதையில் அதிர்ஷ்டம் என்பது கிடையாது. செல்வம் அண்ணன் தன் ஊர்க் கோயில் திருவிழா முடிந்து நாலரைக் கிலோ ஏறி வந்தார். முகம் வீங்கியிருந்தது. நீர்மோர்ப் பந்தலில் நின்றதாக ஒப்புக்கொண்டார். அன்று அமீன் பாய் இரக்கம் காட்டவில்லை. மழை கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் தின்றது. மரகதம் அக்கா வளர்த்துவந்த கீரைப் பாத்தி முழுவதும் கருகியது. முகமூடிக்குள் மூச்சு நாலு பேருக்கும் பாதியாகக் குறைந்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"நிறுத்துங்க பாய்," என்று செல்வம் அண்ணன் கத்தினார். "உங்க கதைக்காக நான் தாகத்துல சாவணுமா?"

"கதைக்காக இல்லடா தம்பி. ஒன்ன விட்டுட்டு நடந்துரலாம்னு ஒருத்தர் கூடச் சொல்லல பாரு. எல்லாரும் ஒன்கூட அந்தக் கூடாரத்துலதான் ஒக்காந்திருக்கோம்."

அதன்பிறகு செல்வம் அண்ணன் மீறியதே இல்லை. மருந்து மூடியில் அளந்து குடித்தார். கடலுக்குப் போகும்போது ஐஸ் பெட்டியிலிருந்து ஒரே ஒரு துண்டு எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார். அவருக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அந்த வருடம் முழுக்க அவர் உயிரோடிருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயரில்லாத கிரகம் என்று இப்போதும் நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமாகாது.

மற்றது இதுதான். போன வருடம் கோடையில், அம்மாவோடு துணிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, டீக்கடை வாசலில் அமீன் பாயைப் பார்த்தேன். குடத்தடியில் நின்றுகொண்டு, அண்ணாந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் நிறுத்தாமல் குடித்தார். இன்னொரு சொம்பு மொண்டார். அப்போது என்னைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் தராசில் அவருக்கு ஒன்று எட்டுதான். நாங்கள் ஐந்து கிலோமீட்டர் நடந்தோம்.

செல்வம் அண்ணன் தூங்கிய பிறகு மெல்லக் கேட்டேன்: "எப்படி பாய்?"

"சாப்பிடலம்மா. முந்தாநாள் மத்தியானத்துலேருந்து. சோத்து எடையத் தண்ணிக்கு மாத்திக்கிட்டேன். கப்பல்ல ஒரு டேங்க்ல எறக்கி இன்னொண்ணுல ஏத்துற மாதிரிதான். தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு, "இவன்கிட்ட சொல்லிராதீங்க. கைய விட்டுருவான்," என்றார்.

நான் சொல்லவில்லை. இரகசியம் காப்பது எனக்குச் சிரமமான காரியம் அல்ல. சொல்லாமல் இருந்ததோடு நிற்கவுமில்லை. அடுத்த வாரத்திலிருந்து டயாலிசிஸுக்கு முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டை நானும் விட்டேன். அதற்குப் பதிலாகக் கிடைத்த ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரின் ருசியை இன்றும் என்னால் மறக்க முடியாது.

அது தவறு என்பதை விளக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சாப்பிடாத உடம்பு சதையைக் கரைக்கும். அறுபத்திரண்டு கிலோ ட்ரை வெயிட் என்று எழுதிவைத்த மனிதர் உண்மையில் ஐம்பத்தெட்டு ஆகியிருப்பார். போன நாலு கிலோ சதையின் இடத்தில் நாலு கிலோ தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கும். தராசு அதே எண்ணைக் காட்டும். இயந்திரமும் அந்த எண்ணை நம்பி, மேலே இருக்கும் ஒன்று எட்டை மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடும். நல்ல எண்களோடு ஒருவர் உள்ளுக்குள் மூழ்கிக்கொண்டிருக்கலாம்.

பனிக்காலம் வந்தபோது அவர் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. பெல்ட்டில் ஆணியால் போட்ட புதிய ஓட்டை ஒன்றைப் பார்த்தேன். இருமல் வந்தது. மரகதம் அக்கா கேட்டதற்கு, "கிரகத்துத் தூசி அக்கா, முகமூடில ஓட்டை," என்றார். கதையில் நாங்கள் கடைசி மலையைத் தாண்டியிருந்தோம். கலம் கண்ணுக்குத் தெரிந்தது. இரவில் அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிவதாகச் செல்வம் அண்ணனே சேர்த்துச் சொன்னார். கதையில் அவர் தானாகச் சேர்த்த ஒரே விஷயம் அதுதான்.

அவர் இறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை தராசில் அவருக்கு ஒன்று ஒன்பது. எல்லோரும் இரண்டுக்குள். நடந்தோம். மிச்சம் ஐந்து கிலோமீட்டர். அமீன் பாய் நாற்காலியைச் சாய்க்கவிடவில்லை. சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே நாலு மணி நேரத்தையும் முடித்தார். ஊசியை எடுத்த பிறகு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"பாய், உங்க ட்ரை வெயிட் தப்பு. சதை போயிடுச்சு. அந்த இடத்துல தண்ணிதான் நிக்குது."

அவர் ஆச்சரியப்படவில்லை. "கேஜ் சரியாத்தாம்மா காட்டுது. டேங்க்ல பாதி சேறு. அது எனக்கும் தெரியும்."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"அவரு செவ்வாக்கெழமைதான வர்றாரு. நமக்கும் ஒரே ஒரு நடைதான் பாக்கி, அதுவும் செவ்வாக்கெழமை. கலத்துல ஏறிட்டுச் சொல்லிக்கிறேன். இப்பச் சொன்னா நடந்தது அத்தனையும் பொய்யின்னு ஆயிரும். அவன் ஒடஞ்சிருவான்."

"பிரியாகிட்டயாவது சொல்லட்டுமா?"

"செவ்வாக்கெழமைம்மா."

சரி என்றேன். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே டயாலிசிஸ் இல்லாத இரண்டு முழு நாட்கள் வரும். எங்களைப் போன்றவர்களுக்கு வாரத்திலேயே ஆபத்தான இடைவெளி அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். செல்வம் அண்ணனுக்காக என்று அப்போது என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கும் அந்தக் கலத்தில் ஏற வேண்டியிருந்தது. அத்தனை தூரம் எழுதியவளுக்குக் கடைசிப் பக்கம் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். நாலாவது நாற்காலியில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும், பிரியா, நர்ஸ் எல்லோரும் இருக்க, நான் சொன்னேன்: "டாக்டர், அமீன் பாய் சாப்பிடாம இருந்துதான் எடைய கட்டுப்படுத்தினார். எனக்குப் பல மாசமா தெரியும். நானும் அப்படித்தான் செய்றேன்." அந்த அறையில் அதற்குமுன் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

மரகதம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "நானும்தாங்க. ராத்திரிக்கு அடுப்புகிட்டயே போறதில்ல. ரெண்டு டம்ளர் மோருக்காக."

செல்வம் அண்ணனைப் பார்த்தோம். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திருவிழாவுக்கு அப்புறம் நான் சரியா சோறு தின்னு ரொம்ப நாளாவுது," என்றார். "நடக்கணும்ல."

நாலு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே பட்டினியில் நடந்திருக்கிறோம். டாக்டர் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொருவர் கணுக்காலையும் அழுத்திப் பார்த்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். ட்ரை வெயிட்டை எனக்கு ஒன்றரைக் கிலோ குறைத்து எழுதினார், அக்காவுக்கு ஒன்று, செல்வம் அண்ணனுக்கு இரண்டே கால். தேங்கியதை இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு முறையும் கெண்டைக்கால் துணி பிழிவதுபோல முறுக்கிக்கொண்டது. மூன்றாவது வாரம் ஒரு காலை, தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து மூச்சுவிட முடிந்தது. அதுவரை முடியவில்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை, புறப்படும் முன் செல்வம் அண்ணன் என்னிடம் வந்தார். "அவரு கலத்துல ஏறிட்டாருன்னு எழுதிருங்க. அவர மட்டுமாவது ஏத்தி விட்டுருங்க."

நான் நோட்டைத் திறந்து, அவர் பார்க்கவே எழுதினேன்: 'அமீன் இறந்தார். மூவர் மிச்சம். கலத்துக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். யாரும் நடக்கவில்லை.' அதிர்ஷ்டம் இல்லாத கதையில் அவருக்கு மட்டும் அதைக் கொடுக்க என் கை வரவில்லை. செல்வம் அண்ணன் படித்துவிட்டு நோட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அதில் அதற்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை.

அமீன் பாயின் மனைவி ஜுலைகா அக்காவைப் பார்க்க, கணவரை இழந்தவர்கள் வீட்டோடு தனித்திருக்கும் இத்தாவில் அவர் இருக்கும்போது, அம்மாவோடு போனேன். அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்: சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரியும், சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"எனக்கும் தெரியும்மா. தட்டக் கழுவுறது நான்தான?" என்றார். "கேட்டா, வாரத்துல மூணு நாளு சந்தோசமா போயிட்டு வர்றாரே, அதும் போயிருமோன்னு கேக்கல."

நாங்கள் ஒருவரையொருவர் மன்னிக்கவில்லை. மன்னிப்பதற்கு அங்கே எதுவும் இருந்ததாக இருவருக்கும் தோன்றவில்லை. அவர் அடுப்படிக்குப் போய் என் அளவுக்குக் கால் டம்ளர் டீ மட்டும் ஊற்றிக் கொண்டுவந்தார்.

அமீன் பாயின் நாற்காலிக்கு இப்போது புதிதாக ஒருவர் வருகிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்குபவர்; பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். இஸ்திரி போட்ட சட்டை, மழுங்கச் சிரைத்த முகம். போன வியாழக்கிழமை தராசிலிருந்து இறங்கி, "ஒன்னு ஏழு," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிரியா பாராட்டினாள். அவர் சட்டையின் தோள் தையல் கைப்பக்கம் இறங்கி நிற்பதை நான் பார்த்தேன்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க ஐயா?" என்றேன்.

"ஏன்?"

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். நான் பிரியாவைக் கூப்பிட்டேன். டாக்டர் வரும் நாள் இல்லை, போன் போடச் சொன்னேன். அவள் போடும்வரை அங்கேயே நின்றேன். கிழவர் முகம் சிவந்துவிட்டது. "பட்டாளத்துல கூட எவனும் என் தட்ட எட்டிப் பாத்ததில்ல. நீ யாரு கேக்க?" என்றார்.

மரகதம் அக்காவும் செல்வம் அண்ணனும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். அமீன் பாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தக் கேள்வி ஒன்றுதான். அவரிடம் கேட்டிருக்க வேண்டியது. அதை யாரிடமும் மெதுவாகக் கேட்பதில்லை. சொல்தா ஐயா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சனிக்கிழமை அவருக்கு ஒரு கிலோ குறைத்து எழுதினார்கள்.